பண்டித விஷ்ணு திகம்பரரும் அவர் சிஷ்யர்களும்

தேச விடுதலைக்கு உழைத்தோரை எண்ணுங்கால், மேடைகளில் முழங்கியவர்களையும், சிறை புகுந்தவர்களையும், பத்திரிகை நடத்தியவர்களையும் நாம் நன்றியுடன் நினைவு கூருகிறோம். அது முறையே. ஆயினும், பாட்டு வாத்தியார் என்ற பெயரோடு வாழ்ந்து மறைந்த சிலர் தேசத்திற்குச் செய்த தொண்டு நமது கணக்கில் பெரும்பாலும் சேர்வதில்லை. அத்தகையோருள் முதன்மையானவர் பண்டித விஷ்ணு திகம்பர பலுஸ்கர். ரகுபதி ராகவ என்று தொடங்கும் ராமநாமக் கீர்த்தனத்தைக் கேளாத தமிழர் அரியர். காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டங்களால் நாடெங்கும் பரவிய அதன் மெட்டு விஷ்ணு திகம்பரர் அமைத்தது என்று பொதுவாகக் கூறப்படுவதை அறிந்தவரோ மிகச் சிலர். அவர் கட்டிய கலாசாலையையும், அதனினும் மேலாக அவர் உருவாக்கிய ஆசிரியர் கூட்டத்தையும் பற்றி நம் நேயர்களுக்குச் சிறிது எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அவர் பிறந்த காலத்தில் வட நாட்டுச் சங்கீதத்தின் நிலை எவ்வாறிருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மகா வித்வான்களுக்கு அன்று குறைவில்லை. ஆனால் அவர்கள் சுதேச மன்னர்களின் தயவை நம்பியே வாழ்ந்தனர். வித்தை பரம்பரைச் சொத்தாகக் காக்கப்பட்டது. பிள்ளைக்கும் மருமகனுக்கும் சொல்லிக் கொடுப்பதை வெளியார்க்குச் சொல்லிக் கொடுக்க உஸ்தாதுகள் எளிதில் இசைவதில்லை. கற்க விரும்பும் ஏழைச் சிறுவன் குருவின் வீட்டில் தண்ணீர் சுமந்து, ஏவல் செய்து, அவர் மனம் இரங்கும் நாளுக்காக ஆண்டுக் கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். இங்கிலீஷ் படித்த குடும்பத்தாரோ, சங்கீதத்தைக் கேட்டு மகிழ்ந்தார்களேயன்றித் தம் வீட்டுப் பிள்ளைகள் அதைக் கற்பது கௌரவத்திற்கு இழுக்கு என்று கருதினார்கள். பாட்டை ரசித்தவர்களே பாடகனைத் தமக்குச் சமமாக உட்கார வைக்கக் கூசினார்கள்.

1872-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 18-ந் தேதி, தென் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த குருந்த்வாட் என்னும் சிறு ஸமஸ்தானத்தில் விஷ்ணு பிறந்தார். தந்தையார் திகம்பரர் கீர்த்தனம் செய்பவர். மகாராஷ்டிரத்தார் கீர்த்தனம் என்பது நமது ஹரிகதா காலக்ஷேபத்திற்கு நெருங்கிய உறவுடையது. மராத்திய மன்னர் ஆண்ட தஞ்சையின் வழியாக அம்முறை நம் நாட்டிலும் வேரூன்றியதை நேயர்கள் அறிவர். ஆகவே பாட்டும் தாளமும் கதையும் விஷ்ணுவுக்குத் தொட்டில் பழக்கமாயின. பள்ளிப் படிப்பிலும் அவர் முன்னேறி வந்தார். இந்நிலையில் ஒரு பண்டிகை நாளில் வெடித்த வாணவெடி ஒன்று சிறுவனின் கண்களைத் தாக்கிற்று. பார்வை பெரிதும் பழுதுபட்டது. புஸ்தகப் படிப்பின் மூலம் உத்தியோகம் பெறும் வழி அன்றே அடைபட்டுப் போயிற்று. எஞ்சியிருந்தது செவியும் குரலும்.

சிகிச்சைக்காக அருகிலுள்ள மிரஜ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்ட விஷ்ணு, அங்கேயே சங்கீதம் பயிலலானார். மிரஜ் அரசரின் ஆதரவும் அவருக்குக் கிட்டியது. அவருக்கு வாய்த்த குரு பாலகிருஷ்ண புவா இசல்கரஞ்சிகர். புவா என்பது அந்நாட்டில் வித்வானுக்கு வழங்கும் மரியாதைச் சொல். குவாலியரில் ஹத்து கான், ஹஸ்ஸு கான் என்னும் சகோதரர்கள் வளர்த்த கயால் பாணியைப் பெருங்கஷ்டப்பட்டு வடக்கே சென்று கற்று, மகாராஷ்டிரத்திற்குக் கொணர்ந்த பெருமை பாலகிருஷ்ண புவாவைச் சாரும். அவர் கண்டிப்பு மிகுந்தவர். அவரிடம் 1896-ஆம் வருஷம் வரையில் விஷ்ணு திகம்பரர் இரவு பகலாகச் சாதகம் செய்தார். பிற்காலத்தில் பல்லாயிரம் பேர் கூடிய மைதானங்களில், ஒலிபெருக்கி இல்லாத நாட்களில், கடைசி வரிசை வரை எட்டிய அந்தக் குரல் மிரஜில் உருவானதேயாகும்.

அவர் மிரஜை விட்டுப் புறப்பட்ட காரணத்தைப் பற்றி, அவர் வரலாற்றை எழுதியோர் ஒரு சம்பவத்தைக் கூறுவர். நகரத்துப் பிரமுகர்கள் கூடிய ஒரு வைபவத்திற்கு, அரசரின் ஆதரவு பெற்றவர் என்ற முறையில் சிஷ்யருக்கு அழைப்பு வந்தது, குருவுக்கு வரவில்லை. ஏன் என்று வினவியபோது, அவர் வெறும் பாடகர்தாமே என்ற பொருள்பட விடை கிடைத்ததாம். ஒரு ஸம்பிரதாயத்தையே தோளில் சுமந்து வந்த மகா வித்வானுக்கு அவ்வூரார் கொடுத்த மதிப்பு அவ்வளவே. அந்த அவமதிப்பு சிஷ்யரின் நெஞ்சில் தைத்தது. குருவுக்கும் சிஷ்யருக்கும் இடையே மனஸ்தாபமும் நேர்ந்திருந்தது. எவ்வாறாயினும், சங்கீத வித்வான் என்றால் சபை எழுந்து நிற்கும் காலத்தைத் தம் வாழ்நாளிலேயே உண்டாக்க வேண்டும் என்னும் சங்கல்பத்தோடு, இருபத்து நான்கு வயதில் அவர் வெளியேறினார்.

பரோடா, கத்தியவார், குவாலியர், மதுரா எனப் பல இடங்களிலும் அவர் சஞ்சரித்தார். மன்னர்கள் சன்மானம் அளித்தனர். சிலர் ஆஸ்தான வித்வானாக இருத்திக் கொள்ளவும் முன்வந்தனர். அவர் எங்கும் தங்கவில்லை. மாறாக, அந்நாளில் யாரும் எளிதில் துணியாத ஒரு காரியத்தைச் செய்தார். டிக்கெட்டு விற்றுப் பொதுஜனங்களின் முன் கச்சேரி செய்தார். வித்வான் ஒருவன் காசுக்குப் பாடுவதா என்று முகஞ்சுளித்தோர் உண்டு. அரண்மனையில் பாடிப் பரிசு வாங்கினால் அதுவும் காசுதானே? எட்டணா கொடுத்த ஒரு குமாஸ்தாவுக்கும் மன்னர் கேட்கும் அதே பாட்டைக் கேட்கும் உரிமை உண்டென்பதை அவர் இவ்விதமாக நிலைநாட்டினார். மதுராவில் தங்கி வ்ரஜ பாஷையைப் பயின்றார். ஹிந்துஸ்தானி சங்கீதத்தின் ஸாகித்தியங்கள் பெரும்பாலும் அம்மொழியில் இருப்பதால், பொருளறிந்து பாட வேண்டும் என்பது அவர் கொள்கை.

கடைசியில் அவர் சென்று சேர்ந்தது பஞ்சாபிலுள்ள லாகூர். அந்நகரம் இன்று பாகிஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கே 1901-ஆம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி கந்தர்வ மகாவித்யாலயத்தை அவர் ஸ்தாபித்தார். சங்கீத பாடசாலைகள் அதற்கு முன்பும் சில இருந்தன. பரோடாவில் அரசரே ஒன்றை நடத்தி வந்தார். ஆனால் அரசர் கஜானாவை நம்பாமல், பொதுஜனங்களின் நன்கொடையையும் கச்சேரி வருமானத்தையும் கொண்டே ஒரு சங்கீத கலாசாலையை நடத்த முற்பட்டது தேசத்தில் புதிய முயற்சியாகும். தம் தாய்மொழி வழங்காத, உறவினர் ஒருவருமில்லாத தூர தேசத்தில் இதைத் தொடங்கிய தைரியத்தை என்னென்பது!

அக்கலாசாலையின் ஏற்பாடுகள் கவனிக்கத் தக்கவை. வகுப்புகள் இருந்தன, பாடத் திட்டம் இருந்தது, பரீக்ஷையும் பட்டமும் இருந்தன. ஸ்வரங்களையும் தாளத்தையும் எழுத்தில் குறிப்பதற்குத் தனி முறை ஒன்றை அவரே வகுத்தார். அம்முறையில் பாடப் புஸ்தகங்களை எழுதித் தம் சொந்த அச்சுக்கூடத்தில் அச்சிட்டார். சங்கீதத்திற்கென ஒரு மாதப் பத்திரிகையும் நடத்தினார். ஸ்திரீகளுக்குத் தனி வகுப்புகள் ஏற்பட்டன. குலஸ்திரீகள் பாடுவதே தகாது என்று எண்ணிய காலம் அது என்பதை நினைவிற் கொண்டால்தான் இதன் அருமை விளங்கும். மாலை வேளையில் பாடம் கேட்க வந்தோருள் வக்கீல்களும் வர்த்தகர்களும் மாணவர்களும் இருந்தனர். அவர்கள் யாவரும் வித்வான்களாகப் போகிறவர்கள் அல்லர். அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. நல்ல பாட்டை இன்னதென்று அறிந்து கேட்கக்கூடிய ஒரு ஜன சமூகம் உண்டானால், கலை அதன் மடியில் தானே வளரும் என்பது அவர் நம்பிக்கை.

இவை எல்லாவற்றினும் மேலான ஏற்பாடு ஒன்று உண்டு. அதுவே உபதேசக வகுப்பு. பிற்காலத்தில் ஆசிரியர்களாக விளங்கத் தக்க சிறுவர்களை அவர் தேர்ந்தெடுத்துத் தம்முடனேயே வைத்துக் கொண்டார். அவர்களுக்கு உணவும் உடையும் உறைவிடமும் இலவசம். பதிலுக்கு அவர்கள் பல ஆண்டுகள் கலாசாலையிலேயே தங்கிப் பயின்று, கீழ் வகுப்புகளுக்குப் பாடஞ் சொல்லவும் வேண்டும். விடியற்காலையில் எழுதல், தேகப் பயிற்சி, பிரார்த்தனை, சாதகம், பாடம் என நாள் முழுதும் ஒழுங்கு வகுக்கப்பட்டிருந்தது. குடியும் கேளிக்கையும் சங்கீதக்காரனோடு சேர்த்துப் பேசப்பட்ட காலத்தில், சுத்தமான உடையுடனும் நேரந் தவறாத பழக்கத்துடனும் அவருடைய சிஷ்யர்கள் தெருவில் நடந்து சென்ற காட்சியே ஜனங்களின் மனத்தை மாற்றிற்று எனலாம். பழைய குருகுலத்தின் நெருக்கத்தையும் புதிய பள்ளிக்கூடத்தின் ஒழுங்கையும் அவர் இவ்வாறு ஒன்று சேர்த்தார்.

1908-ஆம் வருஷத்தில் பம்பாயில் ஒரு கிளை திறக்கப்பட்டது. நாளடைவில் அதுவே தலைமைக் கலாசாலையாயிற்று. மாணவர் தொகை பெருகப் பெருக, வாடகை இடம் போதாமற் போய், சொந்தக் கட்டடம் எழுப்ப வேண்டியதாயிற்று. கையிலோ பணமில்லை. கடன் வாங்கிக் கட்டினார். விடுதியில் உண்ணும் சிஷ்யர்களின் செலவும், அச்சுக்கூடச் செலவும், ஆசிரியர் சம்பளமும் அவர் ஒருவருடைய தொண்டையையே நம்பி நின்றன. அவர் ஊரூராகக் கச்சேரி செய்து ஈட்டியதெல்லாம் கலாசாலைக்கும் வட்டிக்குமே சென்றது.

அவருடைய தேசத்தொண்டு இதனினும் வேறானதன்று. காங்கிரஸ் மகாசபைகளில் வந்தே மாதர கீதத்தைப் பாடும் பணியை அவர் ஏற்றார். காபி ராகத்தில் அவர் அதைப் பாடிய முறை புகழ் பெற்றது. 1923-ஆம் வருஷத்தில், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த காக்கிநாடாவில் கூடிய மகாசபையில் மௌலானா முகம்மது அலி அக்கிராசனம் வகித்தார். மதக் காரணம் பற்றி அவர் அங்கே பாடுவதை ஆட்சேபித்தார். விஷ்ணு திகம்பரர், அது தேசிய மகாசபையின் மேடையேயன்றி ஒரு மதத்தாரின் வழிபாட்டு ஸ்தலமன்று என்று மறுத்து, பாட்டை முடிவுவரை பாடிய பின்னரே அமர்ந்தார். அப்பாடலைப் பற்றிய விவாதம் பின்னும் தொடர்ந்ததும், 1937-ஆம் வருஷத்தில் காங்கிரஸ் காரியக் கமிட்டி முதலிரு சரணங்களை மட்டும் பாடலாம் எனத் தீர்மானித்ததும் சரித்திரம். மௌலானாவின் தேசபக்தியையோ மதபக்தியையோ நாம் ஐயுறவில்லை. நாம் இங்கே குறிப்பிட விரும்புவது வேறு. வெறும் பாடகன் என்று ஒரு காலத்தில் ஒதுக்கப்பட்ட ஜாதியைச் சேர்ந்த ஒருவர், தேசத்தின் தலைவர் எதிரில் தம் தொழிலின் உரிமைக்காகத் தலை நிமிர்ந்து நின்றார். மிரஜில் செய்த சங்கல்பம் காக்கிநாடாவில் நிறைவேறிற்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

காந்தியடிகள் தமது ஸபர்மதி ஆசிரமத்திற்கு ஒரு சங்கீத ஆசிரியர் வேண்டுமென விரும்பியபோது, விஷ்ணு திகம்பரர் தம் சிஷ்யர் நாராயண மோரேஷ்வர கரேயை அளித்தார். ஆசிரமத்தின் பஜனைப் பாடல்களைத் தொகுத்தவர் இவரே. 1930-ஆம் வருஷம் மார்ச் மாதம் 12-ந் தேதி தண்டியை நோக்கிப் புறப்பட்ட சத்தியாக்கிரகிகளின் வரிசையிலும் கரே இருந்தார். பாட்டு வாத்தியார் உப்புப் போருக்கு நடந்து சென்றார்.

இதற்குள் குருவின் நிலைமை மாறிவிட்டது. கடன் சுமை ஏறிக்கொண்டே போய், 1924-ஆம் வருஷத்தில் பம்பாய்க் கலாசாலைக் கட்டடம் ஏலத்திற்கு வந்தது. எத்தனையோ இரவுகள் கண்விழித்துப் பாடிச் சேர்த்த பொருள் யாவும் கல்லும் சுண்ணாம்புமாக நின்ற அவ்விடம் பிறர் கைக்குச் சென்றது. செல்வம் மிகுந்த பம்பாய் நகரத்தில் அதை மீட்டுக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் அவர் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் உகுத்தனர். அவருடைய கடன்பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படித்தோர் சிலரே. இது நம் தேசத்தாருக்குப் புகழ் தரும் செய்தியன்று.

அவர் அதன் பின் நாசிக் க்ஷேத்திரத்தில் ராமநாம ஆதார ஆசிரமம் அமைத்து, காவி உடுத்து, ராமாயணப் பிரவசனத்திலும் பஜனையிலும் பொழுதைச் செலவிட்டார். ஆயினும் சிஷ்யர்களைக் கைவிடவில்லை. குழந்தைகள் பலரைப் பறிகொடுத்த அவருக்கு எஞ்சிய ஒரே புதல்வர் தத்தாத்ரேயர். அச்சிறுவனுக்குப் பத்து வயதானபோது, 1931-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 21-ந் தேதி, தாம் வித்தை பயின்ற மிரஜ் நகரிலேயே விஷ்ணு திகம்பரர் காலமானார். அவர் விட்டுச் சென்ற ரொக்கம் ஏதுமில்லை.

எனினும், ஏலத்தில் எழுதப்படாத ஆஸ்தி ஒன்று அவருக்கு இருந்தது. உபதேசக வகுப்பில் தயாரான சிஷ்யர்களே அந்த ஆஸ்தி. அதே 1931-ஆம் வருஷத்தில் அவர்கள் ஆமதாபாத்தில் கூடி, குருவின் வேலையை ஒன்றுபட்டு நடத்துவதற்காக அகில பாரத கந்தர்வ மகாவித்யாலய மண்டலத்தை நிறுவினர். மறு வருஷம் விநாயகராவ் பட்வர்த்தன் பூனாவில் ஒரு கந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். நாடக மேடையில் பெரும் புகழ் ஈட்டிக் கொண்டிருந்தவர், அதை விட்டுக் கரும்பலகை முன் நின்றார். ராக விஞ்ஞானம் என்னும் நூலைப் பல பாகங்களாக எழுதி மாணவர்க்கு உதவினார். நாராயணராவ் வியாஸ் கிராமபோன் தட்டுகளின் மூலம் வீடுதோறும் சென்றார். பி. ஆர். தேவதர் 1925-ஆம் வருஷத்திலேயே பம்பாயில் ஒரு சங்கீதப் பள்ளியைத் திறந்திருந்தார். விநாயகராவின் சிஷ்யர் விநயசந்திர மௌத்கல்யர் 1939-ஆம் வருஷத்தில் டில்லியில் ஒரு வித்யாலயம் கண்டார்.

ஓங்கார்நாத் டாக்கூரின் சரிதம் தனியே எழுதத் தக்கது. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, விஷ்ணு திகம்பரரிடம் சேர்ந்து, இருபது வயதுக்குள் லாகூர்க் கலாசாலையின் தலைமையை ஏற்றவர் அவர். 1947-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதிக் காலையில், அகில இந்திய ரேடியோவில் வந்தே மாதர கீதத்தைப் பாடும் பேறு அவருக்கே கிட்டியது. குரு காணாத விடிவை சிஷ்யர் பாடி வரவேற்றார். 1950-ஆம் வருஷத்தில் காசி ஹிந்து சர்வகலாசாலையில் சங்கீதப் பகுதி ஏற்பட்டபோது, அதன் தலைவராக அமர்ந்தவரும் அவரே. தந்தையை இழந்த தத்தாத்ரேயரைக் குருவின் சிஷ்யர்களே கூடி வளர்த்து வித்தை கற்பித்தனர். டி. வி. பலுஸ்கர் என்ற பெயரில் அவர் ஈட்டிய கீர்த்தியையும், 1955-ஆம் வருஷத்தில் முப்பத்து நான்காம் வயதில் அவர் மறைந்ததையும் ரசிகர்கள் அறிவார்கள்.

விஷ்ணு திகம்பரரின் முறையைக் குறை கூறுவோரும் உண்டு. வகுப்பில் கூட்டமாக உட்கார வைத்துப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தால் பரீக்ஷை தேறுவார்களேயன்றி வித்வான்கள் ஆகமாட்டார்கள் என்பது ஒரு வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், பி. ஆர். தேவதரின் பள்ளியில் சிறுவனாகச் சேர்ந்து பயின்ற குமார் கந்தர்வர், பின்னர் வழக்கமான எந்த அச்சிலும் அடங்காத மகா கலைஞராக விளங்கினார் என்பதை அவ்வாதம் செய்வோர் நினைக்க வேண்டும். இரண்டாவது குறை இதனினும் கனமானது. பக்தியையும் ஒழுக்கத்தையும் முன்னிறுத்திய அக்கலாசாலைகளில், அவ்வித்தையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த முஸ்லிம் உஸ்தாதுகளுக்கும், பாட்டையே தொழிலாகக் கொண்ட ஸ்திரீகளுக்கும் தக்க இடம் கிடைக்கவில்லை என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். விஷ்ணு திகம்பரர் பாடிய குவாலியர் பாணியே ஹஸ்ஸு கானும் ஹத்து கானும் அளித்த கொடையன்றோ! அக்கடனை அவர் காலத்துச் சீர்திருத்தம் முழுதும் தீர்க்கவில்லை என்பதை ஒப்புக் கொள்வதால் அவர் பெருமை குன்றாது. அவருடைய சமகாலத்தவரான பாத்கண்டே, உஸ்தாதுகளிடம் கேட்டுக் கேட்டு ஸாகித்தியங்களைத் தொகுத்தார். 1926-ஆம் வருஷத்தில் லக்ஷ்மணபுரியில் ஒரு கலாசாலையும் ஏற்படக் காரணமாயிருந்தார். இருவரும் ஒத்துப் போகவில்லையெனினும், இன்று வட நாட்டில் சங்கீதம் கற்கும் மாணவர் இருவருக்கும் கடன்பட்டவரே.

நம் நாட்டிலும் இதை ஒத்த முயற்சிகள் அதே காலத்தில் எழுந்தன. 1927-ஆம் வருஷத்தில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக, மறு வருஷம் சங்கீத வித்வத் சபை தோன்றிற்று. 1929-ஆம் வருஷத்தில் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை செட்டியார் சங்கீதக் கல்லூரி கண்டார். இவற்றின் மண்டபங்களையும் விழாக்களையும் நாம் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதே. ஆனால் மண்டபத்தைத் தாங்குபவர், காலை ஏழு மணிக்குச் சரளிவரிசையை நூறாவது முறையாகச் சலிக்காமல் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் அல்லரோ? மேடையில் சிஷ்யனுக்குப் பொன்னாடை போர்த்தும் நாளில், பின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆசிரியரின் மாத வருமானம் என்ன, அவர் முதுமைக்கு ஆதாரம் என்ன என்று விசாரிக்கும் சபைகள் எத்தனை?

விஷ்ணு திகம்பரரின் உருவம் பொறித்த தபால் தலையை நமது சர்க்கார் 1973-ஆம் வருஷத்தில் வெளியிட்டனர். நல்லதே. எனினும் அவர் கேட்ட மரியாதை தமக்காக அன்று. பாடஞ் சொல்லும் வர்க்கத்தினர் எல்லோருக்குமாக அவர் அதைக் கேட்டார். தம் ஊரில் உள்ள சங்கீதப் பள்ளியின் ஆசிரியர்களுக்கு ஒழுங்கான ஊதியம் கிடைக்கும்படி செய்வதும், வித்தையை நாடி வரும் ஏழைச் சிறுவனுக்கோ சிறுமிக்கோ ஒருவேளை உணவும் ஒரு தம்பூராவும் கிடைக்க வழி செய்வதும், அவன் எந்த ஜாதி, எந்த மதம் என்று கேளாதிருப்பதுமே அப்பெரியார்க்குச் செலுத்தும் உண்மையான காணிக்கையாகும். 1924-ஆம் வருஷத்தில் பம்பாய் வாசிகள் செய்யத் தவறியதை நம் ஊர்களில் நாம் தவறவிடலாகாது என்று தமிழ் மக்களைக் கேட்டுக் கொள்கிறோம்.